மகனின் முன்பல் உடைந்துவிட்டது, மதுரையில் நல்ல குழந்தைப் பல் மருத்துவர் தெரியுமா?

வணக்கம். என் மகனுக்கு 9 வயது. நேற்று முன்தினம் சைக்கிளில் இருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உடைந்துவிட்டன. ஒன்றில் ஓரம் மட்டும்தான். இன்னொன்று பாதி போய்விட்டது; நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பால் பற்கள் இல்லை, நிலைப் பற்கள். அதுதான் நெஞ்சை அடைக்கிறது. உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுபோனோம்.

முதலில் பார்த்த மருத்துவர், உடனே வேர் சிகிச்சை செய்து கேப் போடச் சொன்னார். மனம் ஒப்பவில்லை. இரண்டாவது மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் வேரின் நுனி இன்னும் மூடியிருக்காதாம். உள்ளே இருக்கும் சதையை முழுவதும் எடுக்காமல், மேலாகக் கொஞ்சம் அகற்றி எம்டிஏ என்ற மருந்து வைத்து மூடினால், பல் உயிரோடு இருந்து வேரும் வளருமாம். அப்புறம் துண்டையே ஒட்டலாம், அல்லது பல் நிறத்திலேயே காம்போசிட் என்ற அடைப்புப் பொருளை வைத்துக் கட்டலாம். கேப் எல்லாம் வளர்ந்த பிறகுதான் என்றார். ஆனால் அவர் குழந்தைகளுக்கு அதிகம் செய்வதில்லை. இப்போதைக்குத் தற்காலிகமாக மூடி அனுப்பியிருக்கிறார்.

தாமதிக்கக்கூடாது என்பதால் கேட்கிறேன். மதுரையிலோ பக்கத்திலோ இதை நன்றாகச் செய்யும் குழந்தைப் பல் மருத்துவர் யார்? உங்கள் பிள்ளைக்குத் துண்டை ஒட்டியிருந்தால் எத்தனை வருடம் தாங்கியது? பல் பின்னாளில் கறுத்ததா? செலவு எவ்வளவு ஆனது?

பையன் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறான். தெரிந்தவர்கள் இன்றே சொல்லுங்கள்.