ஏற்றத்தில் மட்டும் கூலன்ட் சூடாகிறது: பின்பக்க ரேடியேட்டர் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் மோட்டார்ஹோமில் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) டீசல் எஞ்சின், ரேடியேட்டர் இரண்டுமே பின்னால். ஃபேன் ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில், ஓடுகிறது. கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் சமதளத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 190 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும். ஐ-5 சாலையில் தெற்கே திரும்பி கிரேப்வைன் என்ற மலைச்சாலை ஏற்றம் தொடங்கியதும் 220 வரை போய்விடுகிறது. கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை (எஞ்சின் சுழலும் வேகத்தை) கூட்டினால் மெல்ல இறங்குகிறது.

கூலன்ட் குறையவில்லை, ஆயிலில் பால் நிறம் இல்லை (அதாவது கூலன்ட் அதில் கலக்கவில்லை), கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் புதிது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். விலையைக் கேட்டால் நமக்குச் சூடு ஏறுகிறது!

என் சந்தேகம் அழுக்கின் மேல்தான். பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் காற்று எஞ்சின் பக்கமிருந்து வருவதால், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயின் ஆயில் ஆவியும் சாலைப் புழுதியும் சேர்ந்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அப்பிக்கொள்ளும். கூலரைக் கழற்றாமல் அந்த இடுக்கைக் கழுவ முடியுமா? பிரஷர் வாஷர் ஃபின்களை (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை) வளைத்துவிடும், அதனால் அது வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் எந்த டிகிரீசர் அலுமினியத்தை அரிக்காது?

அப்புறம், ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலினாய்டின் கனெக்டரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஃபேன் முழு வேகத்துக்குப் போகும் என்கிறார்கள். அப்படிச் சோதித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கோடை வெயிலுக்கு முன் சரிசெய்ய வேண்டும்.