பெஸி கோல்மன் பற்றி மகளின் பேச்சு: எதை விரித்துச் சொல்லலாம்?

வெள்ளவத்தை அம்மா:
மகள் தரம் 9. தமிழ்த்தினப் போட்டிக்கு விமானி பெஸி கோல்மனைப் பற்றிப் பேசப்போகிறாள். "லைசன்ஸ் எடுத்த முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண், 34 வயதில் விபத்தில் இறந்தார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் வேண்டும். உதவுங்கள்.

இரத்மலானை மெக்கானிக்:
தங்கச்சி, லைசன்ஸ் எடுத்த பாடு ஒன்றே மூன்று நிமிடத்துக்குக் காணும். டெக்சாஸில் பருத்தி பொறுக்கி வளர்ந்தவர். சிகாகோ சலூன் ஒன்றில் நகம் அழகுபடுத்தும் வேலை. போருக்குப் போய் வந்த சகோதரர் ஜான், பிரெஞ்சுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள் என்று சீண்ட, பெஸி அதையே பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் ஒரு பறக்கும் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையின் ராபர்ட் அபட், பிரான்சுக்குப் போகச் சொன்னார். பிரெஞ்சு படித்துக்கொண்டு 1920 நவம்பரில் கப்பல் ஏறினார். கோத்ரோன் சகோதரர்களின் பள்ளியில், மரச்சட்டத்தில் துணி போர்த்திய நியூபோர் விமானத்தில் பழகினார். கூடப் படித்த ஒருவர் விழுந்து இறந்ததைப் பார்த்த பிறகும் விடவில்லை. 1921 ஜூன் 15இல் லைசன்ஸ்.

விபத்தையும் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள். 1926 ஏப்ரல் 30, அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரம். பாரசூட்டில் குதிக்க வேண்டிய இடத்தை எட்டிப் பார்ப்பதற்காக அவர் சீட் பெல்ட் போடவில்லை. ஓட்டியவர் மெக்கானிக் வில்லியம் வில்ஸ். விமானம் திடீரெனக் குத்திட்டுப் புரள, பெஸி வெளியே விழுந்தார். வில்ஸும் இறந்தார். கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு ஸ்பானர் சிக்கியிருந்ததாம். நாங்கள் வேலை முடிந்ததும் கருவிப்பெட்டியில் உள்ளதை எண்ணுவோம். ஒரு ஸ்பானர் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானத்தை வெளியே விடமாட்டோம். இந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் விபத்து ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அவர் வளர்ந்த வக்ஸஹாச்சியில் நடந்த காட்சிப் பறப்பைச் சேருங்கள். கறுப்பர்களுக்குத் தனி வாசல் என்றால் பறக்கமாட்டேன் என்று நின்றார். வாசல் ஒன்றானது. உள்ளே இருக்கைகள் பிரிந்தபடியே இருந்தன. அதையும் மகள் மறைக்காமல் சொல்லட்டும். கறுப்பின மாணவருக்கு ஒரு பறக்கும் பள்ளி தொடங்கத்தான் காசு சேர்த்தார்.

வெள்ளவத்தை அம்மா:
மிக்க நன்றி. அந்தக் காலத்தில் இங்கே இரத்மலானையில் விமானம் இறங்கியதா என்று மகள் கேட்கிறாள்.

இரத்மலானை மெக்கானிக்:
இரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27இல், மகள். பெஸி இறந்து ஒன்பது வருடம் கழித்து.