தப்ஸ் (வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் தோல் கட்டிய கொட்டு) தட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. அக்கா மகள் பிரான்ஸில் படிக்கிறாள். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவள். விடுதியில் மொராக்கோ மாணவிகளோடு சேர்ந்து ஞாயிறு மாலைகளில் பாடுகிறாள். முதல் வாரமே சிக்கல். ஒரு பெண்ணுக்கு நரம்பு வாத்தியம் மார்க்கப்படி உறுத்தல். சரி என்று கிட்டார் உறைக்குள் போனது. மிச்சம் அவர்கள் ஊர் பெந்திர் மட்டும். நம் தப்ஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை. (தோலுக்கு அடியில் நரம்பு ஓடி ‘ஜிர்ர்’ என்கிறது. அதை யாரும் கிளப்பவில்லை, நல்லது.)

இப்போது ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டுமாம், இரு தரப்பும் மனம் ஒப்பிப் பாடுகிற மாதிரி. எனக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்தான் நினைவுக்கு வந்தன. கிறிஸ்தவர், முன்சீப்பாக (நீதிபதியாக) இருந்தவர். எல்லா மதத்தாரும் பாடட்டும் என்றே எழுதினார். வரிகள் கிடைத்தன, ஸ்வரம் கிடைக்கவில்லை.

எளிய கீர்த்தனை ஒன்றுக்கு ஸ்வரக் குறிப்பு யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், ஆதி தாளத்துக்குத் தப்ஸ் தட்டுவதை இரண்டு நிமிடம் கைபேசியில் எடுக்க வேண்டும், விரல்கள் தெரிகிற மாதிரி. முல்லா வீதியோ கடலூரோ, நானே வருகிறேன்.