உவர்மலையில் ஒரு பி.டி.பி-11/23: மின்னேற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

உவர்மலை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். மின்னணுவியலில் பயிற்சி பெற்றிருந்தாலும், என் அனுபவம் முழுவதும் தனியாள் கணினிகளைத் திருத்துவதோடு நின்றுவிட்டது. சென்ற மாதம், மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தை வெறுமையாக்கிக்கொண்டிருந்த பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடமிருந்து, டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனம் 1979இல் வெளியிட்ட பி.டி.பி-11/23 வகை மினி கணினி ஒன்றை நிறைக்கு விலை பேசி வாங்கினேன். மினி என்று பெயர் வைத்தவர் அதை முச்சக்கரவண்டியில் ஏற்றிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பெட்டியின் முகப்பில் மூன்று ஆளிகளும் இரண்டு சிறு விளக்குகளும் உள்ளன. உள்ளே எம்.8186 என்று பொறிக்கப்பட்ட செயலிப் பலகையும், எம்.8044 நினைவகப் பலகையும், எம்.8043 தொடர்த்துறைப் பலகையும் இருக்கின்றன. அவற்றோடு ஆர்.எல்.02 வட்டு இயக்கி ஒன்றும் வந்தது. களஞ்சியம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தபடியால், திருகாணிகள் யாவும் துருவேறியுள்ளன. பலகைகளின் மேல் வெண்ணிறப் பூச்சு ஒன்று படிந்திருக்கிறது. வியாபாரியோ, "செருகியைப் போட்டுப் பாருங்கள், ஓடினால் ஓடும்" என்றார். நான் இன்னும் போடவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பற்றாசுக்கோல் எழுதியது:

தம்பி, செருகியைப் போடாமல் விட்டீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் அழிந்த இயந்திரங்களிற் பல, முதுமையால் அழிந்தவை அல்ல. வாங்கிய அன்றைக்கே ஆளியை அழுத்திப் பார்த்தவரின் அவசரத்தால் அழிந்தவை. மின் கொடுப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒளிப்படம் எடுங்கள். எந்தப் பலகை எந்தச் செருகிடத்தில் இருந்தது, எம்.8043இன் சிறு ஊசிகளில் எந்த ஊசியோடு எந்த ஊசி கம்பியால் சுற்றப்பட்டுள்ளது என்பதெல்லாம் பதிவாக வேண்டும். அந்தப் பலகையில் துறைகளின் முகவரியையும் வேகத்தையும் தீர்மானிப்பவை அந்தக் கம்பிச் சுற்றுகளே. அவை அறுந்துபோனால், முன்பு இருந்த அமைப்பை யாராலும் சொல்ல முடியாது. இந்த இயந்திரங்களின் கைந்நூல்கள் பிட்சேவர்ஸ் என்னும் இணையக் காப்பகத்தில் வருடி வைக்கப்பட்டுள்ளன. சுற்றுப்படங்களை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்வழங்கி. பின்புறத் தகட்டைப் படித்து, அது 115 வோல்ற்றுக்குரியதா 230 வோல்ற்றுக்குரியதா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டு வகையும் விற்கப்பட்டன. பின்னர் எல்லாப் பலகைகளையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மின்வழங்கியைத் தனியாக எடுங்கள். அதிலுள்ள பெரிய மின்பகு கொள்ளளவிகள் பல்லாண்டுகள் மின்னின்றிக் கிடக்கும்போது, உள்ளிருக்கும் ஒட்சைட்டுப் படலம் மெலிந்துவிடுகிறது. முழு வோல்ற்றளவை ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு ஓட்டம் பெருகி, அவை சூடேறி வெடிக்கவும் கூடும். ஆகவே ஒவ்வொன்றையும் கழற்றி, ஒரு கிலோ ஓம் அளவான தடையியினூடாக நேரோட்ட வழங்கியில் இணைத்து, வோல்ற்றளவைப் படிப்படியாக உயர்த்துங்கள். கசிவு ஓட்டம் மணித்தியாலக் கணக்கில் குறைந்துகொண்டு வந்தால் அது பிழைத்துவிட்டது. குறையாமல் நின்றால் மாற்றிவிடுங்கள். மின்னுள்ளீட்டில் காகிதத்தால் ஆன வடிகட்டிக் கொள்ளளவிகள் இருந்து, அவற்றின் உறையில் வெடிப்பு தெரிந்தால், யோசிக்காமல் புதியவற்றைப் போடுங்கள். ஈரப்பதன் உட்புகுந்த அவை, மின் கொடுத்த சில நிமிடங்களிலேயே வீடு முழுவதையும் புகையால் நிரப்பும்.

மின்வழங்கியைச் சுமையின்றிச் சோதிக்க வேண்டாம். 12 வோல்ற்று வாகன மின்குமிழ்கள் சிலவற்றைச் சமாந்தரமாக இணைத்துச் சுமையாக வைக்கலாம். 5 வோல்ற்றில் மங்கலாகத்தான் எரியும், ஆனால் நமக்குத் தேவை வெளிச்சமல்லவே. பிரதான மின்னுடன் தொடராக ஓர் இழைக்குமிழைப் போட்டுக்கொள்ளுங்கள்: உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் அது முழுப் பிரகாசத்தோடு எரிந்து காட்டிக்கொடுக்கும். 5 வோல்ற்று வெளியீடு 4.75க்கும் 5.25க்கும் இடையில் அசையாமல் நின்றாலன்றி ஒரு பலகையையும் செருகாதீர்கள்.

பலகைகளைத் திரும்பச் செருகும்போது இடையில் வெற்றுச் செருகிடம் விடக்கூடாது. கியூ-பஸ் என்னும், பலகைகளை இணைக்கும் பொதுக் கம்பித்தொகுதியில், இடையீட்டு அனுமதிச் சமிக்ஞை (செயலியின் கவனத்தைக் கோரிய பலகைக்குக் கிடைக்கும் பதில்) பலகையிலிருந்து பலகைக்குக் கைமாறிச் செல்கிறது; நடுவில் ஓரிடம் காலியாக இருந்தால் அதற்கு அப்பாலுள்ள பலகைகள் அனுமதி கிடைக்காமல் காத்துக்கொண்டே இருக்கும்.

வட்டு இயக்கியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதன் காற்றுவழியிலுள்ள நுரைப்பஞ்சு இந்நேரம் தூளாகியிருக்கும். அந்தத் தூள் ஒரு துணுக்கு வட்டில் விழுந்தாலும், மயிரிழை இடைவெளியில் மிதந்து வட்டைப் படிக்கும் தலைப்பும் போகும், 10 மெகாபைற்று வட்டும் போகும்.

நிலாவெளிக் கரை எழுதியது:

ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் ஈரப்பதன் என்று ஒரு சொல்லில் கடந்துபோன விடயம், நம் ஊரில் எல்லாவற்றிலும் பெரியது. நீங்கள் கண்ட வெண்பூச்சு பெரும்பாலும் உப்பு. உப்பு காற்றிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தின் மேல் மின் பாய்ந்தால், பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய அரிப்பு சில நாட்களில் நடந்து முடியும். ஆதலால் பலகைகளைக் கழுவாமல் மின் கொடுக்கக் கூடாது.

பலகையைக் கழுவுவதா என்று பலர் திடுக்கிடுவார்கள். மென்மையான சவர்க்கார நீரும் மென்தூரிகையும் போதும். ஆனால் கடைசி அலசலைக் கிணற்று நீரில் செய்யாதீர்கள். கரையோரக் கிணறுகளின் நீர் உவர்நீர், கழுவிய உப்பை அது திரும்பவும் பூசிவிடும். பற்றறிக் கடைகளில் காய்ச்சி வடித்த நீர் கிடைக்கும். அமிலம் கலந்ததைத் தந்துவிடாமல் கேட்டு வாங்குங்கள். பொன் முலாம் பூசிய விளிம்புத் தொடுப்புகளை ஐசோபுரோபைல் அற்ககோல் தோய்த்த துணியால் துடையுங்கள். சிலர் பென்சில் அழிப்பானால் தேய்ப்பார்கள். அது முலாமையே சுரண்டி எடுத்துவிடும்.

காயவைப்பதற்குக் காலம் பார்க்க வேண்டும். வாடைக் காற்று கடலிலிருந்து ஈரத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு வருவது. கச்சானோ மேற்கே தரையைக் கடந்து வருவதால் வறண்டது. உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காயும் அந்த மாதங்களே நமக்கு ஏற்றவை. நிழலில் காற்றோட்டமாக வையுங்கள், வெயிலில் வேண்டாம். சாளரம் வைத்த நினைவகச் சில்லு ஏதேனும் பலகையில் இருந்தால், நேர்வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் அதன் உள்ளடக்கத்தை நாளடைவில் அழித்துவிடும். சாளரத்தின் மேல் ஒளிபுகாத ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

இன்னுமொன்று: சில்லுகளின் கால்கள் கறுத்திருந்தால் அவற்றை வளைக்காதீர்கள். அக்காலத்துச் சில சில்லுகளின் கால்கள் வெள்ளி முலாம் பூசியவை. கறுத்த கால் உள்ளே இற்றுப்போயிருக்கும், தொட்டால் உதிரும்.

எண்மன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டிஜிற்றல் நிறுவனத்திலேயே பணியாற்றிய பொப் சுப்னிக் 1993இல் தொடங்கிய சிம்எச் என்னும் போன்மி மென்பொருள், பி.டி.பி-11 வரிசையை மிகத் துல்லியமாகப் பிரதிசெய்கிறது. அதை இலவசமாகவே பெறலாம். ஒரு மடிக்கணினியில் ஆர்.ரி-11 இயங்குதளத்தைச் சில நிமிடங்களில் ஓட்ட முடியும்போது, உப்போடும் துருவோடும் மாதக்கணக்கில் போராடுவதன் பயன் என்ன?

பற்றாசுக்கோல் எழுதியது:

அந்த மென்பொருளை நானும் பயன்படுத்துகிறேன். நிரல் கற்க அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் வீட்டில் இருப்பது நிரல் அன்று, இரும்பு. அதை விட்டுவிட்டால், செயலியின் பீங்கான் சில்லுகளிலுள்ள பொன்னுக்காக எவராவது உடைத்து உருக்குவார். மேலும், போன்மியில் ஒரு கொள்ளளவி பழுதாவதில்லை. பழுதைத் தேடிப் பிடிப்பதை அதில் கற்க முடியாது.

உவர்மலை வாசி எழுதியது:

மூன்று மாதங்களாக எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்தருள்க. கச்சான் வீசத் தொடங்கும்வரை காத்திருந்தேன். இருவருடைய அறிவுரைகளையும் வரிக்கு வரி பின்பற்றினேன்.

மின்வழங்கி நல்லூழாக 230 வோல்ற்று வகை. இரண்டு கொள்ளளவிகள் தேறவில்லை, மாற்றினேன். 5 வோல்ற்று வெளியீடு சுமையோடு 5.05இல் நின்றது. ஆனால் பலகைகளைச் செருகிய பிறகு முகப்பு விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. இரண்டு இரவுகள் சுற்றுப்படத்தோடு இருந்த பின்னர், மின் சீராக உள்ளது என்று செயலிக்கு அறிவிக்கும் சமிக்ஞைக் கம்பியின் தொடுப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் கண்டேன். அச்சமிக்ஞை வராதவரை செயலி மீட்டமைப்பு நிலையிலேயே கிடக்கும். ஐந்து நிமிடத் துப்புரவில் விளக்கு எரிந்தது.

அடுத்து, தொடர்த்துறையில் இணைத்த முனையத்தின் திரையில் குப்பை எழுத்துகள் வந்தன. பலகையில் ஒட்டியிருந்த தாள் 9600 வேகம் என்றது. கம்பிச் சுற்றோ 1200 என்றது. கம்பியை நம்பி முனையத்தை 1200க்கு மாற்றியதும், கட்டளைக்குக் காத்திருக்கிறேன் என்று இயந்திரம் காட்டும் @ குறி வந்து நின்றது. 1000 என்ற முகவரியைத் திறந்து 777 என்ற எண்ம (எட்டை அடியாகக் கொண்ட) எண்ணை இட்டேன். தன்னிடமே திரும்பத் தாவும் ஒற்றைக் கட்டளை அது. நிறுத்தல் ஆளியை விடுவித்து, 1000 என்று தட்டி ஜீ எழுத்தை அழுத்தியபோது ஓட்ட விளக்கு எரிந்தது. வீட்டிலுள்ளவர்கள் ஒரு விளக்குக்காக இவ்வளவு சத்தமா என்று வந்து பார்த்தார்கள்.

நினைவகத்தில் ஒரு பழுது இருந்தது. 177777 என்று எழுதினால் 177677 என்று திரும்பி வந்தது. அதாவது, எல்லாப் பிற்றுகளையும் (இரும இலக்கங்களையும்) ஒன்றாக எழுதினாலும், வலமிருந்து பூச்சியத்தில் தொடங்கி எண்ணினால் வரும் ஆறாம் பிற்று எப்போதும் பூச்சியம். ஒவ்வொரு சில்லும் நினைவகத்தின் ஒரு பாதியில் ஒரு பிற்றை மட்டுமே வைத்திருக்கும்; 100000க்குக் கீழுள்ள முகவரிகளில் மட்டுமே அது நிகழ்ந்ததால், 32 சில்லுகளில் குற்றவாளி எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நிலாவெளி நண்பர் சொன்னது போலவே, அதன் கறுத்த கால் ஒன்று இற்றுத் தனியே நின்றது.

வட்டு இயக்கியைத் தொடவில்லை. ரி.யு.58 நாடா இயக்கியைப் போல நடிக்கும் மென்பொருளை மடிக்கணினியில் ஓட்டி, எம்.8043இன் இரண்டாவது தொடர்த்துறை வழியாக ஆர்.ரி-11ஐ ஏற்றிவிட்டேன். நாடாவின் வேகம் நாடாவின் வேகமேதான்; தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

இப்போது ஒரே ஒரு குறை. நேரத்தைச் சரியாகக் கொடுத்துத் தொடங்கினாலும், மணிக்குப் பத்து நிமிடம் வீதம் பின்தங்குகிறது. கடிகாரச் சுற்றில் ஏதேனும் பழுதாகியிருக்குமா?

ரொறன்ரோ வட்டு எழுதியது:

பழுது எதுவுமில்லை. அந்த இயந்திரத்தில் தனிக் கடிகாரப் பளிங்கு கிடையாது. பிரதான மின்னின் அலைகளை எண்ணியே அது நேரம் அறிகிறது. நீங்கள் ஏற்றிய இயங்குதளம் வட அமெரிக்காவுக்காக அமைக்கப்பட்டது. இங்கே ரொறன்ரோவில் செக்கனுக்கு 60 அலைகள், அங்கே இலங்கையில் 50. ஆகவே 60 அலைகள் வந்தால்தான் ஒரு செக்கன் என்று அது காத்திருக்கிறது, உங்கள் ஒரு மணித்தியாலம் அதற்கு 50 நிமிடமாகத் தெரிகிறது. இயங்குதளத்தை 50 ஹேர்ட்சுக்கு மறுபடி அமைத்துவிட்டால், மின்வெட்டு வராதவரை நேரம் சரியாக இருக்கும்.