ஓராள் நாடகத்துக்கு ஒத்திகை இடம் தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். பாம்பன் என் சொந்த ஊர். சென்னையில் நவீன நாடகக் குழுக்களில் நடித்துவிட்டு, இப்போது ஓராள் நாடகம் ஒன்றை எழுதி நடிக்க ஊருக்கு வந்திருக்கிறேன். (1977-இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு தெருக்கூத்திடம் போய்க் கற்றது. நான் கடற்கரைக்கு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.)

கடல்பாசி எடுக்கும் பெண்கள்தான் கதை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் போடுகிறார்கள். அந்த மூச்சை மேடையில் கொண்டுவரத்தான் திண்டாடுகிறேன். அடக்கினால் வசனம் பேச முடியாது, பேசினால் கடல் காணாமல் போய்விடுகிறது. 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவானதும், அதன் பிறகு பாசி எடுப்பதற்கு வந்த கெடுபிடிகளும் கதையில் உண்டு.

மண்டபம் ஊரிலோ பாம்பனிலோ மாலை வேளையில் ஒத்திகை பார்க்க ஒரு கூடம் கிடைக்குமா? வலை வைக்கும் கொட்டகையானாலும் போதும். பாசி எடுத்துப் பழகிய அம்மாக்கள் யாராவது வந்து பார்த்து, தப்பைத் தப்பென்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அன்றைய கூலியைக் கொடுத்துவிடுவேன். மேடை விளக்கு வேலை தெரிந்தவர்களும் சொல்லுங்கள். பாராட்ட மட்டும் வருகிறவர்கள் அரங்கேற்றத்துக்கு வந்தால் போதும்.