புதுப்பிப்பு: தேவிபட்டினம் வீட்டு வேம்பு தளிர்த்திருச்சு

வாசல் வேம்பு நுனியெல்லாம் தீய்ஞ்ச மாதிரி கருகுது, வெட்டணுமான்னு தை மாசம் கேட்டிருந்தேன்ல? வெட்டலை. தேயிலைக் கொசுன்னு சொல்ற சாறு உறிஞ்சுற பூச்சியும் பூஞ்சணமும் செய்யுற நுனிக்கருகல் அது. மழைக்குப் பிறகு வரும். வெயில் ஏறினா பெரும்பாலும் மரம் தானா தேறிடும். இப்போ கருகின குச்சிகளுக்குக் கீழேயே செம்பு நிறத்துல கொழுந்து.

தண்ணி தூருல ஊத்திப் பயனில்லை. உறிஞ்சுற வேர் அதிகம் கிளை நிழலோட ஓரத்துலயும் அதைத் தாண்டியும்தான். அங்கே வட்டப்பாத்தி வெட்டி, எப்பவாவது ஊத்தினாலும் ஆழமா இறங்க விடுறோம். போர் தண்ணி உப்பு, அதனால ஊருணித் தண்ணிதான். மேலே சருகு மூடாக்கு, தூரை ஒட்டாம.

தூரைச் சுத்தின சிமெண்ட் திண்ணையையும் உடைச்சாச்சு. மாமாவுக்குத்தான் கோபம், பேப்பர் படிக்க இடமில்லையாம்.

உச்சியை மொட்டையடிக்கச் சொன்னவங்களுக்கு: இந்த வெயிலுக்குப் பட்டை வெந்துரும்ங்க.