புதுப்பிப்பு: அப்பாவின் பத்மினிக்கு 100 ஆக்டேன் போட்டுப் பார்த்தேன்

போன மாதம் கேட்டிருந்தேன், அப்பாவின் 1978 பத்மினி கார் அழகர்கோவில் சாலையில் வேகம் எடுக்கும்போது திக்கித் திக்கி ஓடுகிறது, 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சரியாகுமா என்று. நிறையப் பேர் போடச் சொன்னீர்கள். போட்டேன். இரண்டு டேங்க் ஓடியும் ஒரு மாற்றமும் இல்லை.

காரணம் இப்போதுதான் புரிகிறது. ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி இல்லை, அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன் மட்டும்தான். இந்த எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் (பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் அளவு) குறைவு, சாதாரண பெட்ரோலே தாராளம். நாக்கிங் (பெட்ரோல் அப்படித் தானாகப் பற்றும்போது எஞ்சினில் வரும் தட்டுகிற சத்தம்) கேட்டால் அது வேறு கதை, என் வண்டியில் அது இல்லவே இல்லை.

சிம்மக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கறுப்புத் துகள். பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊறி உதிர்ந்து, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்திருக்கிறது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. அதோடு எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கிவிடும் (எங்கள் டேங்கிலும் இருந்தது). டேங்கைக் கழுவி, ஹோஸ் முழுவதும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றி, பம்ப் டயாப்ரமும் புதிதாகப் போட்டோம்.

அப்புறம், வால்வ் வந்து உட்காரும் இடமான வால்வ் சீட் தேயாமல் இருக்க, முன்பு பெட்ரோலில் இருந்த ஈயத்துக்கு மாற்றாக ஒரு சேர்க்கை ஊற்றச் சொன்னவர்களுக்கு: நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுவிட்டது, அதற்குப் பிறகும் இத்தனை வருடம் ஓடிய வண்டி இது, சீட் தேய்ந்தால் மாறிவிடும் வால்வ் இடைவெளியையும் அளந்தோம், சரியாக இருக்கிறது. அதனால் எதுவும் ஊற்றவில்லை.

நேற்று அப்பாவை உட்கார வைத்து நத்தம் வரை போய் வந்தேன். ஓர் இடத்திலும் திக்கவில்லை.